பொட்டு வைத்த கட்டுகளுக்கு விடைகொடுத்த கதை

(தென்காசி, சாரல் கூட்டுறவுச் சங்கத்தின் தாய்மார் அறைத் திறப்பு விழாவில் பதிவறை எழுத்தர் சிவனணைந்தபெருமாள் ஆற்றிய உரை)

குற்றால மலை முகட்டில் மேகம் மூடினாலும் மூடாவிட்டாலும், மேடை என்று ஒன்று போட்டுவிட்டால் முதல் ஆளாக வந்து நடு நாற்காலியில் நிறைந்துவிடுகிற எங்கள் சங்கத்தின் தலைவர், தயக்கம் அறியாத தலைமைக்குச் சொந்தக்காரர், நல்லதம்பி அண்ணாச்சி அவர்களே!

கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் காகிதத்தைப் படித்துப் பார்க்கிற கெட்ட பழக்கத்தை இந்தச் சங்கத்துக்குள் கொண்டுவந்த எங்கள் மேலாளர், மதிப்புக்குரிய ஸ்வர்ணா அம்மையார் அவர்களே!

முன்வரிசையில் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கழற்றித் துடைத்துக்கொண்டிருக்கும் மூத்த உறுப்பினர்களே! மடியில் மழலையும் மனத்தில் மலையளவு பொறுமையும் தாங்கி அமர்ந்திருக்கும் தாய்மார்களே! இது உங்கள் விழா. ஆகையால் உங்களை மட்டும் எழுந்து நின்று வணங்குகிறேன். ஏற்கெனவே நின்றுகொண்டுதான் இருக்கிறேன்; இன்னொரு தடவை எழுந்ததாக வைத்துக்கொள்ளுங்கள்.

பின்வரிசையில் நின்று, இந்த ஆள் எப்போது முடிப்பான், சுண்டல் எப்போது வரும் என்று ஏங்கும் தம்பிமார்களே! சுண்டல் அடுப்பில் வெந்துகொண்டிருக்கிறது. அது வேகிற வரைக்கும் நான் மேடையில் வேக வேண்டும் என்பது நிர்வாகத்தின் உத்தரவு.

நிறைவாக, என் வலப்பக்கத்தில் மரப்பலகையின் மேல், மஞ்சள் துண்டு விரித்து, எருக்கம்பூ மாலையோடு எழுந்தருளியிருக்கும் பிள்ளையாரே! உம்மைப் பற்றி ஒரு கமுக்கமான சேதி என்னிடம் இருக்கிறது. சபையோர் பசியாறுவதற்கு முன்னால் அதை உடைத்துவிடுவேன். கோபித்துக்கொள்ளக் கூடாது. உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்!

அன்பர்களே! என் பெயர் சிவனணைந்தபெருமாள். இந்தப் பெயரை முழுதாக எழுதுவதற்குச் சம்பளப் பட்டியலில் இடம் போதவில்லை என்று, எங்கள் அலுவலகத்தில் எஸ்.பி. என்று சுருக்கிவிட்டார்கள். ஒரு நாள் மேலாளர் அம்மா வாசலைப் பார்த்து, "எஸ்.பி. வந்துட்டாரா?" என்று சத்தமாகக் கேட்டார்கள். உரம் வாங்க வரிசையில் நின்ற இரண்டு பேர், தலைக்கவசம் இல்லாமல் வண்டியில் வந்தவர்கள், அப்படியே பின்வாசல் வழியாகப் போய்விட்டார்கள். என்னைப் பார்த்து இந்த மண்ணில் யாராவது பயந்தார்கள் என்றால் அந்த ஒரு நாள்தான். வீட்டில்? வீட்டைப் பற்றிக் கேட்காதீர்கள். என் வீட்டுக்காரி மாரித்தாய் முன்வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறாள்.

படிப்பு பத்தாம் வகுப்பு. தேறினேன். எத்தனையாவது தடவையில் என்று அங்கே ஒரு தம்பி கேட்கிறார். தேறினேன் என்பதுதான் சான்றிதழில் இருக்கிறது, தம்பி. தடவை அதில் இல்லை. எதைப் பதிவு செய்ய வேண்டும், எதைப் பதிவு செய்யக் கூடாது என்பதை எனக்கு முதலில் கற்றுக்கொடுத்ததே அந்தச் சான்றிதழ்தான்.

அப்படிப்பட்ட எனக்கு இந்த மேடையில் என்ன வேலை? கவிஞனா? கல்விமானா? கொடை கொடுத்த கோமானா? இல்லை, இல்லை, இல்லவே இல்லை! சற்று முன்னால் ரிப்பன் வெட்டித் திறந்தோமே, தாய்மார் அறை, மின்விசிறியும் தொட்டிலும் திரைச்சீலையுமாக, அது இந்த ஆனி மாதம் வரைக்கும் என் அறை! என் கோட்டை! என் கொத்தளம்! என் பதிவறை! அதைப் பறிகொடுத்தவன் நான். பறிகொடுத்தவனையே கூப்பிட்டு, மாலை போட்டு, பறித்தவர்களை வாழ்த்திப் பேசச் சொல்கிற பெருந்தன்மை நம் சங்கத்தைத் தவிர வேறு எங்கே உண்டு?

என் பதிவறையைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். தரையிலே கட்டு, தட்டிலே கட்டு, தட்டுக்கு மேலே தளம் தொடுகிற கட்டு. விதை வாங்கிய விண்ணப்பம், உரம் வாங்கிய விண்ணப்பம், உழவு இயந்திரம் கேட்ட விண்ணப்பம், கேட்ட இயந்திரம் வரவில்லை என்று வந்த விண்ணப்பம். சாரல் காலம் வந்துவிட்டால் காற்றில் ஈரம். ஈரத்தில் காகிதம் உப்பும். இங்கே ஒரு கட்டு உப்பினால் அங்கே ஒரு கட்டு சரியும். நான் நடுவிலே ஒரு முக்காலியில், உளுந்த வடைக்கு நடுவிலே ஓட்டை மாதிரி உட்கார்ந்திருப்பேன்.

காகிதத்துக்கும் ஆயுள் உண்டு, அன்பர்களே. அது யாருக்குத் தெரியும்? எனக்குத் தெரியும், எழுதியே கொடுத்திருக்கிறார்கள். இது ஓராண்டுக் காகிதம், இது மூன்றாண்டுக் காகிதம், இது பத்தாண்டுக் காகிதம், இது நிரந்தரம். கட்டு உள்ளே வரும்போதே அதன் முகப்பில் ஆயுளை எழுத வேண்டும். ஆயுள் முடிந்தால் பட்டியல் போட்டு, மேலாளரிடம் கையெழுத்து வாங்கி, அழித்துவிட வேண்டும். விதி இவ்வளவுதான். முதல் பாதியை நான் முத்து முத்தாக நிறைவேற்றினேன். இரண்டாம் பாதிக்கு வரும்போது என் கை தயங்கியது.

ஏன் தயங்கியது? சோம்பலா? சொல்லுங்கள், சோம்பலா? மாரித்தாய் 'ஆமாம்' என்று தலையாட்டுகிறாள். அதைக் குறிப்பில் ஏற்றாதீர்கள். சோம்பல் இல்லை, அன்பர்களே. பொட்டு!

நம் சங்கத்து ஆயுத பூசையைத் தென்காசியே அறியும். பொரியும் கடலையும் வாழைக்கன்றும் வைத்து, தராசுக்குப் பொட்டு, மேசைக்குப் பொட்டு, மேசையிழுப்பறைக்குப் பொட்டு, கம்ப்யூட்டருக்கு நெற்றி எது என்று தெரியாமல் நாலு பக்கமும் பொட்டு! அந்த வரிசையில், என் கையாலேயே, சந்தனம் குழைத்துக் குங்குமம் தொட்டு, ஒவ்வொரு காகிதக் கட்டுக்கும் ஒரு பொட்டு. ஒன்றைக்கூட விடமாட்டேன். விட்டால் அந்தக் கட்டு மனம் வருந்தாதா? அடுத்த ஆண்டு அதே கட்டுக்கு இன்னொரு பொட்டு. அதற்கு அடுத்த ஆண்டு இன்னொன்று. பொட்டு வைத்துக் கும்பிட்ட பொருளை, ஆயுள் முடிந்தது போ என்று எந்தக் கையால் தூக்கி வீச?

ஒரு தடவை துணிந்தேன். பழைய பேப்பர்க் கடை ரஹ்மத் பாயை வரச்சொல்லி, முதல் கட்டை அவருடைய தராசில் வைத்தேன். அவர் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"அண்ணாச்சி, இது என்ன?"

"பழைய காகிதம் பாய்."

"அது தெரியுது. நெத்தியில என்னன்னு கேக்கேன்."

"அது போன பூசைக்கு வச்ச பொட்டு."

"சாமி கும்பிட்ட சாமானை என் தராசுல ஏத்துதியளே, நல்லாருக்கா? உங்க சாமிகிட்ட நீங்க பேசி முடிக்காம என்னையக் கோத்து விடப் பாக்கிய. எறக்குங்க மொதல்ல! பொட்டு வைக்காத பேப்பர் இருந்தா ஒரு சத்தம் குடுங்க, ஓடி வாறேன்."

பொட்டு வைக்காத காகிதம் எங்களிடம் ஏது? அன்றைக்கு அடங்கியவன்தான். அதற்குப் பிறகு எங்கள் சங்கத்தில் அழிப்பு வேலையைத் தவறாமல் செய்துவந்தது ஒரே ஒரு ஊழியர். அவர் பெயர் கரையான். ஆனால் அவர் ஓராண்டு, மூன்றாண்டு, நிரந்தரம் என்று வகை பார்ப்பதில்லை. உறுப்பினர் பதிவேட்டின் ஓரத்தைக் கடித்துவிட்டு, டீ வாங்கிய சீட்டை அப்படியே விட்டுவைப்பார். சிரிக்கிறீர்கள். அந்தப் பதிவேட்டில்தான் உங்கள் பெயர் இருக்கிறது! எல்லாவற்றையும் வைத்திருப்பேன் என்று நான் இறுமாந்திருந்தேன். வைத்திருக்க வேண்டியது என் கண்ணெதிரே போய்க்கொண்டிருந்தது.

இப்படி இருக்கையில் இந்த ஆனி மாதம், முதல் சாரல் விழுந்த வாரம், பிள்ளைப்பேற்று விடுப்பு முடிந்து உமாராணி வேலைக்குத் திரும்பினாள். எங்கள் இளநிலை உதவியாளர். சுரண்டையிலிருந்து பஸ்ஸில் வருகிற பெண். கைக்குழந்தையை விட்டுவிட்டு வர முடியவில்லை. தாயையும் குழந்தையையும் கூடவே கூட்டிக்கொண்டு வந்தாள். வந்தவளுக்குப் பால் கொடுக்க இடம் எங்கே? மேலாளர் அறைக்குக் கண்ணாடிக் கதவு. கூட்ட அறைக்குக் கதவே இல்லை. கடைசியில் கிட்டங்கியில், உர மூட்டைகளுக்கு நடுவே, அவள் தாய் ஒரு சாக்கை விரித்துப் பிடிக்க, அந்தச் சாக்கு மறைவில் உட்கார்ந்து பால் கொடுத்தாள் அந்தப் பிள்ளை. சாக்குக்கு அந்தப் பக்கம் லாரிக்காரன் மூட்டை எண்ணிக்கொண்டிருக்கிறான். உர வாடையில் குழந்தைக்குத் தும்மல். இந்தக் கொடுமையைக் கேட்டு எந்தத் தாய் மனம் கலங்காது? எந்தத் தகப்பன் தலை குனியாது? நான் குனிந்தேன். குனிந்துகொண்டே என் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். ஏன் என்றால், தாழ்ப்பாளும் ஜன்னலும் மின்விசிறியும் உள்ள ஒரே அறை என்னுடையது!

மறுநாள் உமாராணி மேலாளர் முன்னால் போய் நின்றாள். "ஒரு ரூம் குடுங்க மேடம். இல்லன்னா வெள்ளிக்கிழமையோட சம்பளம் இல்லா லீவு எழுதிக் குடுத்துட்டுப் போறேன். பொறவு இந்த வேலை எனக்கு நிக்குமா போவுமான்னு எனக்கே தெரியாது."

மேலாளர் அம்மா என்னைக் கூப்பிட்டார்கள். கையில் பேனா. குரலில் தேன்.

"எஸ்.பி., உங்க ரூம்ல இருக்கறதுல எது எது வேணும்?"

"எல்லாமே வேணும் மேடம்."

"எதுக்கு?"

"யாராவது கேட்டா குடுக்கணும்லா?"

"இதுவரைக்கும் யாராவது கேட்டிருக்காளா?"

"கேட்டதில்ல மேடம். ஆனா கேட்டுட்டா?"

அந்த அம்மா பேனாவை மூடிவைத்தார்கள். "சரி. எது வேணும், எது வேண்டாம்னு உமாராணியும் நீங்களும் பாருங்கோ. வெள்ளிக்கிழமைக்குள்ள பட்டியல் வந்தா கையெழுத்துப் போடறேன். வரலேன்னா அந்தப் பொண்ணோட லீவ் லெட்டர்ல கையெழுத்துப் போட வேண்டியிருக்கும். எதுல போடட்டும்?"

அன்று மதியமே உமாராணி என் கோட்டைக்குள் நுழைந்துவிட்டாள். இடுப்பிலே சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு முதல் கட்டை உருவினாள்.

"அண்ணாச்சி, இது என்ன கட்டு?"

"உர விண்ணப்பம்மா."

"எத்தனை வருசக் கட்டு?"

"மூணு."

"இதுல எத்தனை பொட்டு இருக்குன்னு கொஞ்சம் எண்ணிச் சொல்லுங்க."

பார்த்தேன். நெற்றியில் பொட்டுக்கு இடம் போதாமல் கன்னத்துக்கு இறங்கி, கன்னமும் நிரம்பி, கழுத்து வரைக்கும் வந்திருந்தது. மணப்பெண்ணுக்குக்கூட யாரும் இவ்வளவு வைத்திருக்க மாட்டார்கள்.

"வருசத்துக்கு ஒரு பொட்டுன்னு நீங்கதான வச்சிய? அப்ப மூணாவது பொட்டோட இதுக்கு ஆயுசு முடிஞ்சு போச்சு. மிச்சமெல்லாம் சட்டம் வச்ச பொட்டு இல்ல அண்ணாச்சி, நீங்களா வச்சது."

"அதுக்காகப் பொட்டு வச்சதைத் தூக்கிப் போட முடியுமா தாயி? மனசு கேக்குமா?"

"பிள்ளையாருக்குப் பொட்டு வைக்கோமா இல்லையா?"

"வைக்கோம்."

"சந்தனம் வச்சு, மாலை போட்டு, கொழுக்கட்டை படைச்சு, மூணாம் நாள் என்ன செய்யுதோம்?"

நான் அவிழ்ந்த கட்டுக்கு மறுபடி முடிச்சுப் போட ஆரம்பித்தேன். பதில் சொன்னால் தோற்றுவிடுவேன் என்று தெரிந்தது.

"சொல்லுங்க அண்ணாச்சி, என்ன செய்யுதோம்?"

"...கரைக்கோம்."

"சாமியவே நல்லபடியா வழியனுப்பத் தெரியுது. உங்க உர விண்ணப்பம் என்ன சாமிக்கு மேலயா?"

கைதட்டுகிறீர்கள்! அன்றைக்கு எனக்குக் கைதட்டத் தோன்றவில்லை. "யோசிச்சுச் சொல்லுதேன்" என்றேன். யோசிக்கிறேன் என்று ஓர் அலுவலகத்தில் ஒருவன் சொன்னால் அதற்கு என்ன பொருள் என்று உங்களுக்கா நான் சொல்ல வேண்டும்?

அதே யோசனையோடு வீட்டுக்குப் போனேன். போனால் எங்கள் தெருவே சிரித்துக்கொண்டிருக்கிறது. என் மகன் முத்துகுமரன் ராணுவத்தில் இருக்கிறான். எங்கோ பனிமலைப் பக்கம். மருமகளுக்கு அவள் தாய்வீட்டில், சென்னையில், அன்று காலையில்தான் பெண் குழந்தை பிறந்திருந்தது. பிறந்த சேதி வந்துவிட்டது. படம்? படத்தை அவன் எல்லோருக்கும் அனுப்பியிருக்கிறான். என் போனிலோ ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. சுற்றுகிறது, சுற்றுகிறது, அருவிக்கரையில் அப்பளக்கடைக்குப் பக்கத்து ராட்டினம் மாதிரி சுற்றுகிறது. பேத்தி இறங்கி வரவில்லை.

மகன் போனில் வந்தான். "யப்பா, பிள்ளையப் பாத்தியளா?"

"எங்கலே! சுத்திக்கிட்டே கெடக்கு."

"போன்ல எடம் இருக்காது. அழிங்கப்பா."

"எதைலே அழிக்க?"

"அந்தக் காலை வணக்கத்தை எல்லாம் அழிங்க."

"ஏலே, அதுல முருகன் இருக்காரு, அம்மன் இருக்கா, திருச்செந்தூர்க் கோபுரம் இருக்கு. சாமியவா அழிக்கச் சொல்லுத?"

"அப்ப சாமியவே கொஞ்சிக்கிட்டு இருங்க. பேத்தி அடுத்த வருசம் நடந்தே வந்துருவா." வைத்துவிட்டான்.

மாரித்தாய் அடுப்படியிலிருந்து வந்தாள். அவளிடம் இருப்பது பொத்தான் போன். அதில் படம் வராது. ஆனால் முகமெல்லாம் பூரிப்பு. "நான் பாத்துட்டேன். பக்கத்து வீட்டு ஷிஃபா போன்ல. மூக்கு அப்படியே எங்க அப்பா மூக்கு. எதிர்த்த வீட்லயும் பாத்துட்டாவ. இஸ்திரி போடுதவரு பாத்துட்டாரு. இந்தத் தெருவுல பிள்ளையப் பாக்காத ஒரே ஆளு நீங்கதான்."

"ஷிஃபாகிட்ட வாங்கிட்டு வாறேன், பாருங்க" என்றாள். எனக்கு ரோஷம். என் பேத்தியை அடுத்த வீட்டுப் போனிலா பார்ப்பேன்? பார்த்தால் என் போனில் பார்ப்பேன். இல்லை என்றால் பார்க்கவே மாட்டேன்! இப்படிச் சூளுரைத்துவிட்டு, சூடு ஆறிய காப்பியோடு உட்கார்ந்து அந்த வட்டத்தையே பார்த்தேன்.

அப்போதுதான், அன்பர்களே, என் மண்டையில் எங்கோ ஒரு தாழ்ப்பாள் விலகியது. ஒரு பிள்ளை வாசலுக்கு வெளியே நிற்கிறாள். உள்ளே வர இடம் இல்லை. ஏன் இல்லை? போன வருடத்துக் காலை வணக்கம் உள்ளே படுத்திருக்கிறது! அதை நான் திரும்பிப் பார்த்தேனா? ஒரு நாளாவது? ஒரு தடவையாவது? இல்லை! அங்கே அலுவலகத்திலும் ஒரு பிள்ளை வெளியே நிற்கிறாள், சாக்கு மறைவிலே, உர வாடையிலே. உள்ளே யார் படுத்திருக்கிறார்? என் விண்ணப்பம்! வழியனுப்ப வேண்டியதை வழியனுப்பாதவன், வர வேண்டியதற்கு வாசலை அடைக்கிறான். அடைத்தது யார்? விதியா? சதியா? கரையானா? இந்தச் சிவனணைந்தபெருமாள்தான்!

மறுநாள் அலுவலகத்துக்கு முதல் ஆளாகப் போனேன். கதவை இரண்டாகத் திறந்தேன். உமாராணி வந்ததும், "எடு தாயி கட்டை" என்றேன். அவள் என் முகத்தை ஒரு மாதிரி பார்த்தாள். காய்ச்சலோ என்று நினைத்திருப்பாள்.

ஆனால் ஒன்று. எடுத்தோம், கவிழ்த்தோம் என்று அழிக்கவில்லை. வைப்பது எளிது, வீசுவது அதைவிட எளிது. எதை வைப்பது, எதை வீசுவது என்று பார்ப்பதற்குத்தான் இடுப்பு ஒடிகிறது. ஒவ்வொரு கட்டாக அவிழ்த்தோம். உறுப்பினர் பதிவேடு, தீர்மானப் புத்தகம், கட்டடத்தின் பத்திரம், இவையெல்லாம் கரையான் எட்டாத இரும்பு அலமாரிக்கு. புளியங்குடி எலுமிச்சை லாரிக்காரர் நம் சுவரை இடித்துவிட்டார் என்று ஒரு வழக்கு நடக்கிறது அல்லவா? அதைச் சேர்ந்த காகிதம் ஆயுள் முடிந்து கிடந்தது. "வழக்கு முடியுத மட்டும் இதுல கைய வைக்கப்பிடாது" என்று உமாராணி அதற்குச் சிவப்புத் துணி கட்டித் தனியே வைத்தாள். மற்றவை பட்டியலுக்கு. பட்டியல் மேலாளர் அம்மாவுக்கு. அந்த அம்மா வழக்கம்போல அதை முழுக்கப் படித்துவிட்டு, இரண்டு கட்டை அடித்துத் திருப்பி அனுப்பினார்கள். "இது பத்து வருஷக் கட்டு. இன்னும் ரெண்டு பொட்டு பாக்கி இருக்கு" என்று ஓரத்தில் எழுதியிருந்தது! பொட்டுக் கணக்கு மேலிடம் வரைக்கும் போய்விட்டது.

இந்த வேட்டையில் எனக்கு ஒரு புதையல் கிடைத்தது. தலைமை அலுவலகத்துச் சுற்றறிக்கை. பொருள் என்ன தெரியுமா? 'ஆயுள் முடிந்த காகிதங்களை உடனடியாக அழிக்கவும்.' அதையும் நான் கட்டுக் கட்டிப் பொட்டு வைத்துப் பத்திரப்படுத்தியிருக்கிறேன். அதன் நினைவூட்டலையும். நினைவூட்டலின் நினைவூட்டலையும்! சிரியுங்கள், சிரியுங்கள். மேலாளர் அம்மாவே சிரிக்கும்போது நீங்கள் ஏன் அடக்கிக்கொள்கிறீர்கள்?

சரி, பட்டியல் கையெழுத்தாகிவிட்டது. எப்படி அழிப்பது? அப்படியே கடைக்குப் போட்டுவிடலாம் என்றேன். உமாராணி விடவில்லை. "இதுல நம்ம மெம்பருங்க ஆதார் ஜெராக்ஸ் இருக்கு, போன் நம்பர் இருக்கு, வீட்டு விலாசம் இருக்கு. நாளைக்குக் குத்தாலத்துல பஜ்ஜி மடிச்சுக் குடுத்தா நம்ம மானம் எண்ணெயில மெதக்கும் அண்ணாச்சி" என்றாள். உண்மைதான். போன சீசனில் ஐந்தருவிப் பக்கம் எனக்கு மிளகாய் பஜ்ஜி வந்தது ஒரு முன்பின் தெரியாத மனிதரின் ரத்தப் பரிசோதனை அறிக்கையில். பஜ்ஜியைத் தின்றேனா? சர்க்கரை அளவைப் பார்த்துவிட்டு அந்த மனிதருக்காகக் கவலைப்பட்டுக்கொண்டே தின்றேன்.

அதனால் கிழித்தோம். கையால் கிழித்தோம். கிட்டங்கிக்குப் பின்னால் ஒரு சிமெண்டுத் தொட்டி. சாரல் அதை நிரப்பி வைத்திருந்தது. அதில் முதல் கட்டைப் போடும்போது என் கை நின்றது. உமாராணியின் தாய், குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு பக்கத்தில் நின்றவர், ஒரு சூடத்தை என் கையில் கொடுத்தார். "காட்டிட்டுப் போடுங்க தம்பி. வந்த வேலைய முடிச்சுட்டுத்தான போவுது, அழுதா அனுப்புவாவ?" காட்டினேன். கும்பிட்டேன். போட்டேன். குங்குமம் கரைந்து தொட்டித் தண்ணீர் செம்பருத்தி நிறத்துக்கு வந்தது. காகிதம் ஊறியது. எழுத்து மறைந்தது. விண்ணப்பம் எது, ரசீது எது, சுற்றறிக்கை எது என்று பிரிக்க முடியாத ஒரே கூழ்!

ரஹ்மத் பாய்க்கு ஒரு சத்தம் கொடுத்தேன். வந்தார். தொட்டியை எட்டிப் பார்த்தார்.

"என்ன பாய், இப்ப நெத்தி தெரியுதா?"

"கூழுக்கு ஏது அண்ணாச்சி நெத்தி?" என்று சிரித்தார். "கடையம் பக்கம் காயிதக் கூழ்ல பொம்மை செய்யுத ஆளுங்க இருக்காவ. சீசன் நேரம், கூழு கெடைக்காம அல்லாடுதாவ. குடுங்க, ஏத்திட்டுப் போறேன்."

வெள்ளிக்கிழமை அறை காலி. மேலாளர் அம்மா கையெழுத்துப் போட்டார்கள். லீவுக் கடிதத்தில் அல்ல, அறைக்குச் சுண்ணாம்பு அடிக்கும் உத்தரவில்! எதை எதை அழித்தோம், என்றைக்கு அழித்தோம், யார் முன்னால் அழித்தோம் என்று ஒரு பதிவேடு எழுதி மூவரும் கையொப்பமிட்டோம். அந்தப் பதிவேடு எத்தனை ஆண்டுக் காகிதம் என்று கேட்கிறீர்களா? நிரந்தரம், ஐயா! எல்லாவற்றையும் அழிக்கலாம், அழித்த கணக்கை அழிக்கக் கூடாது.

இப்போது, வலப்பக்கத்துப் பெருமானே, உம்முடைய சேதிக்கு வருகிறேன். சபையோரே, நேற்றுச் சதுர்த்திக்கு ரஹ்மத் பாய் தன் செலவில், தன் வண்டியில் கொண்டுவந்து இறக்கிய பிள்ளையார் இவர். கடையத்துக் காகிதக் கூழ்ப் பிள்ளையார். நன்றாகப் பாருங்கள்! அந்தத் தொந்திக்குள்ளே எங்கள் உர விண்ணப்பங்கள். அந்தத் தும்பிக்கைக்குள்ளே லாரி உள்ளே வந்த சீட்டு. அந்தப் பெரிய காதுகளுக்குள்ளே தலைமை அலுவலகத்துச் சுற்றறிக்கை. அதனால்தான் எவ்வளவு நேரம் பேசினாலும் அசையாமல் கேட்கிறார். நான் அழிக்கப் பயந்தேனே, அந்தப் பொட்டு? இதோ, அவர் நெற்றியில் திரும்பி வந்திருக்கிறது! நாளைக்கு இவரையும் வழியனுப்பப் போகிறோம். முக்காலியில் இருந்து எழுந்து நானே கூட்டிக்கொண்டு போவேன். கை தயங்காது.

அடுத்து ஆயுத பூசை வருகிறது. இந்த ஆண்டு முதல் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். பூசைக்கு முந்திய வாரம் கட்டுகளை எல்லாம் புரட்டுவோம். ஆயுள் முடிந்ததைப் பூசைக்கு முன்னாலேயே அனுப்பிவிடுவோம். மிச்சம் இருப்பதற்குத்தான் பொட்டு. ஆண்டுக்கு ஒன்று, அதற்கு மேல் இல்லை. கம்ப்யூட்டருக்குள் கிடக்கிற கட்டுகளுக்கும் இதே சட்டம். உள்ளே 'புதிய பட்டியல்', 'புதிய பட்டியல் கடைசி', 'இதுதான் கடைசி' என்று மூன்று இருக்கின்றன. எது கடைசி என்று கண்டுபிடிக்கும் பொறுப்பை உமாராணியிடம் கொடுத்திருக்கிறோம். எனக்கு இடம்? மேலாளர் அறை வாசலில் ஒரு மேசை. காற்று வருகிறது, வெளிச்சம் வருகிறது, கேள்வியும் வருகிறது.

இதோ, உள்ளே இருந்து ஒரு குரல் கேட்கிறது பாருங்கள்! உமாராணியின் மகள் விழித்துவிட்டாள். நல்லதம்பி அண்ணாச்சி முடிக்கச் சொல்லிச் சீட்டு அனுப்பியும் நிறுத்தாதவன், இந்தத் தலைவியின் ஆணைக்கு நிறுத்துகிறேன். போ தாயி, உமாராணி, போய்ப் பாரு. இன்றைக்கு உனக்குச் சாக்குப் பிடிக்க ஆள் வேண்டாம், தாழ்ப்பாள் இருக்கிறது.

நான் மேடையை விட்டு இறங்குவதற்கு முன்னால், என் போன் என்ன ஆயிற்று என்று அந்தப் பின்வரிசைத் தம்பி கேட்கிறார். தொட்டியில் முதல் கட்டைப் போட்ட அன்று, அந்தச் சூட வாசம் கையில் இருக்கும்போதே, போனை எடுத்தேன். ஒரு கும்பிடு போட்டுவிட்டு, காலை வணக்கங்களை எல்லாம் ஒவ்வொன்றாக வழியனுப்பினேன். வட்டம் நின்றது. படம் இறங்கியது. மூக்கு மாமனார் மூக்குத்தான். மாரித்தாய் சொன்னது சரி, அதற்கு யாரும் எதுவும் செய்ய முடியாது. கண்ணை மூடிக்கொண்டு, கையை இறுக்கிப் பொத்திக்கொண்டு, கன்னத்தில் கறுப்பாக ஒரு பொட்டோடு படுத்திருக்கிறாள் என் பேத்தி.

ஒரே ஒரு பொட்டு, அன்பர்களே. முதல் பொட்டு. முகப்பில் ஆயுளை எழுதிவிட்டேன். நிரந்தரம்!

பொறுத்துக் கேட்ட பெரியோருக்கும், பொறுக்காமலும் கேட்ட இளையோருக்கும், இடம் கொடுத்த சங்கத்துக்கும், என் இடத்தை எடுத்துக்கொண்ட தாய்மாருக்கும் தலை தாழ்ந்த நன்றி. சுண்டல் வெந்துவிட்டதாக அங்கிருந்து கை காட்டுகிறார்கள். பிள்ளை பசியாறி, உமாராணி தாழ்ப்பாளைத் திறந்த பிறகு, எல்லோரும் உள்ளே போய் அறையைப் பாருங்கள். செருப்பை வெளியே விட்டுவிட்டு, சத்தம் போடாமல் பாருங்கள். வணக்கம்!